இருபத்து நான்கு வீரர்களும் என் பதினேழும்

வீடியோ கேம் சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்று இரண்டு நாள் யோசித்தேன். ஓய்வு பெற்று புனே சாங்வியில் வீட்டோடு இருப்பவளை யாரும் சும்மா நினைத்துக்கொள்ள மாட்டார்கள். பயிற்சிக் கையேட்டில் பக்கம் குறைந்திருக்கும், அதை நிரப்ப ஒரு ஆள் வேண்டியிருக்கும். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் சுபாவத்தை ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. வங்கியில் வேலை பார்த்த என் கணவர் வருகிறவர்கள் எல்லாரிடமும் இதைச் சொல்லிச் சிரிப்பார்: "உடுப்பி ஓட்டல்ல பார்சல் வாங்கினா, பஸ் ஸ்டாப்புலேயே பிரிச்சு இட்லியை எண்ணுவா இவ. இவளுக்குப் போய் டெஸ்டிங் வேலை குடுத்திருக்காங்க. சம்பளம் இல்லாம சும்மா கூப்பிட்டிருந்தாலே போயிருப்பாளே!" ஒரு தடவை எண்ணியபோது நிஜமாகவே ஒரு இட்லி குறைந்திருந்தது. அதை மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை.

இந்தப் புத்தி எனக்குத் தொண்ணூறுகளில், இதே புனேயில் கேம்ப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்த்தபோது வந்தது. டிவியில் இணைத்து ஆடும் வீடியோ கேம் பெட்டிக்கான கேசட்டுகள் அப்போது கடைக்குக் கடை தொங்கின. பட்டறைக்கு வரும் கேசட்டுகளை ஒவ்வொன்றாகச் செருகி ஆடிப் பார்த்து, நல்லதையும் கெட்டதையும் பிரித்து வைப்பது என் வேலை. மேலே ஒட்டிய ஸ்டிக்கரில் '999 ஆட்டங்கள்' என்று போட்டிருக்கும். செருகினால் திரையில் பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும். உட்கார்ந்து ஆடிப் பார்த்தால் ஏழெட்டு ஆட்டம்தான் தேறும். அதே ஆட்டம் இன்னொரு பெயரில் வரும், அதே ஆட்டம் மூன்றாவது கட்டத்திலிருந்து வரும், அதே ஆட்டம் வானத்தின் நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டு வரும். நான் ஏதோ பெரிய மோசடியைக் கண்டுபிடித்துவிட்ட பதற்றத்தில் பட்டறைக்காரரிடம் ஓடினேன். அவர் கையில் இருந்த சாலிடரிங் கம்பியைக் கீழே வைக்கக்கூட இல்லை. "ஸ்டிக்கர்தான் முதல்ல அச்சாகும் பெஹன்ஜி. உள்ளே என்ன வைக்கறதுன்னு அப்புறம்தான் யோசிப்பாங்க" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அதற்குப் பிறகு எந்தப் பெட்டியின்மேல் எந்த எண்ணைப் பார்த்தாலும், இதை யார், எப்போது எழுதியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இரண்டாயிரங்களில் கைப்பேசி ஆட்டங்களின் காலம் வந்தது. இப்போது உங்கள் கையில் இருப்பது போன்ற போன் இல்லை. கீழே பட்டன், மேலே தீப்பெட்டி அளவுக்குத் திரை. ஔந்தில் ஒரு கட்டடத்தின் மாடியில் பதினோரு பேர் உட்கார்ந்து அதற்கு ஆட்டங்கள் செய்துகொண்டிருந்தோம். நான் டெஸ்டிங் பிரிவின் தலைமை. எனக்குக் கீழே ஒரே ஒரு பெண். அவளையும் பாதி நாள் வாசல் மேசைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

அங்கேதான் அந்தச் சண்டை ஆட்டம் வந்தது. வெளியில் இருப்பவர்களுக்கு அடியும் உதையும் இருந்தால் எல்லாமே சண்டை ஆட்டம். நம் தொழிலில் அப்படி இல்லை. ஒரு கதாநாயகன் தெருவில் நடந்துகொண்டே போய், வருகிறவன் போகிறவனையெல்லாம் புரட்டி எடுத்தால் அது அடிதடி ஆட்டம். அதில் எதிரே வரும் இருபது ரௌடிகளுக்கும் ஒரே முகம் இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். சண்டை ஆட்டம் என்றால் இரண்டே பேர், நேருக்கு நேர், ஒருவர் விழும்வரை. ஆடுகிறவர் முதலில் தனக்கு ஒரு வீரரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வீரருக்கென்று தனி அடி, தனித் தடுப்பு, தனி பலவீனம் வேண்டும். எல்லாரும் ஒரே மாதிரி அடித்தால் தேர்ந்தெடுப்பதற்கு ஒன்றுமே இல்லை. அதனால் இந்த வகை ஆட்டத்தில் எத்தனை வீரர்கள் என்பதை வெறும் விளம்பரம் என்று விட்டுவிட முடியாது.

எங்களிடம் ஆட்டம் கேட்டிருந்த, போனில் ஆட்டங்களை வரிசை வரிசையாகப் பிரித்து விற்கும் நிறுவனத்துக்கும் இது தெரியும். இருபத்து நான்கு தனித்தனி வீரர்கள் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள். ஒருவர் குறைந்தாலும் ஆட்டத்தைச் சண்டை வரிசையில் வைக்க மாட்டார்கள், அடிதடி வரிசையில் தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளிவிட்டால் இரண்டாம் பாகம் கிடையாது. எங்கள் ஆபீஸ் அந்த இரண்டாம் பாகத்தை நம்பித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

வீரர்களை வடிவமைத்ததும் அவர்களை ஆட வைக்கும் நிரலை எழுதியதும் ஒரே ஆள்தான், முருகேசன். முப்பது வயதைத் தாண்டியவர். அப்பா ரயில்வேயில் இருந்தார், வீடு கோர்படி ரயில்வே காலனி. பிறந்ததும் வளர்ந்ததும் புனே. வீட்டில் தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. ஆபீஸில் எல்லாருக்கும் அவர் 'முர்கேஷ்'. சேர்ந்த முதல் வாரமே என் மேசைக்கு வந்து, "அக்கா, நீங்க தமிழா? இங்கே நம்ம ஆளு யாருமே இல்லேன்னு நெனச்சேன்" என்றார். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனால் நான் சொன்னது, "ஆபீஸ்ல அக்கா வேண்டாம் முருகேசன். மேடம்னே கூப்பிடுங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அந்த ஆபீஸில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. இரண்டு பேரும் ஒரு மூலையில் நின்று தமிழில் நாலு வார்த்தை பேசினால் மற்ற ஒன்பது பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதுவும் நான் குற்றம் கண்டுபிடிக்கும் வேலையில் இருப்பவள். அவர் செய்ததில் ஒரு குறையை நான் கவனிக்காமல் விட்டால்கூட, தன் ஆள் என்று விட்டுவிட்டாள் என்று சொல்வார்கள். அந்தப் பேச்சு வந்துவிடக் கூடாது என்று பயந்து, மற்றவர்கள் வேலையில் ஒரு குறை எழுதினால் அவர் வேலையில் இரண்டு எழுதினேன். அதற்கு நேர்மை என்று பெயரும் வைத்துக்கொண்டேன்.

அந்தச் சண்டை ஆட்டத்தில் எனக்கு முதலிலேயே பொறி தட்டியது. வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் திரையில் இருபத்து நான்கு முகங்கள் இருந்தன. அவற்றில் ஏழு ஜோடிகளுக்கு முகம் அச்சு அசலாக ஒன்றே. ஒருவர் சிவப்பு பெல்ட் கட்டியிருப்பார், அவர் ஜோடி பச்சை பெல்ட் கட்டியிருப்பார், கடைசி ஜோடியில் மட்டும் மஞ்சள், அவ்வளவுதான். எனக்குக் கேம்ப் பட்டறையின் கேசட்டுகள் ஞாபகம் வந்துவிட்டன.

நேரே போய்க் கேட்டேன். "என்ன முருகேசன், பெல்ட்டை மாத்திக் கட்டினா வேற ஆளா?"

"இல்லே மேடம். அவங்க ஜோடி. மத்லப்... ட்வின்ஸ். இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு, அப்புறம் காட்டறேன்."

அப்புறம் காட்டுகிறேன் என்பவர்களை நான் நம்பியதே இல்லை. அதற்குப் பிறகு அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். நான் அந்தப் பக்கம் போனால் கணினியில் ஏதோ ஒரு ஜன்னலை மூடுவார். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கீழே மிசல் சாப்பிடப் போகும்போது அவர் மட்டும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மேசையிலேயே இருப்பார். காலே சார் அறைக்கு இரண்டு முறை போய்விட்டு முகம் தொங்கி வெளியே வந்தார். இதையெல்லாம் நான் மனசுக்குள் வரிசையாக அடுக்கி வைத்தேன். சந்தேகம் வந்துவிட்டால் டீ குடிப்பதுகூடத் திருட்டுத்தனமாகத் தெரியும்.

காலே சார் எங்கள் ஆபீஸின் தலைவர். ஆட்டத்தை ஒப்படைக்க வேண்டிய வாரத்தில் என்னை அறைக்குக் கூப்பிட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்தினார். அவர் சாதாரணமாகக் கதவைச் சாத்தும் ஆள் இல்லை.

"மேடம், அந்தக் கம்பெனிக்காரங்க நான் சொல்ற எண்ணிக்கையைக் கேக்கலை, உங்க எண்ணிக்கையைக் கேக்கறாங்க" என்றார் ஹிந்தியில். "எத்தனை வீரர்கள் நிஜமாவே தனித்தனி ஆள்னு நீங்க எண்ணி எழுதிக் குடுக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள. எனக்கே ஒரு சந்தேகம் இருக்கு. இந்த ஆபீஸ்ல யாருக்கும் விட்டுக்கொடுக்காத கண் உங்களோடது மட்டும்தான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "முர்கேஷ் உங்க ஊர்க்காரர். ஆனா நீங்க அதையெல்லாம் பாக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன். அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்கு ஒரு சாண் உயரம் கூடியிருந்தது. ஆபீஸில் எல்லாரையும் சந்தேகப்பட்ட எனக்கு, காலே சார்மேல் மட்டும் ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. சந்தேகப்படச் சொன்னவரே அவர்தானே, அவரை எப்படிச் சந்தேகப்படுவது! உங்கள் சந்தேகப் புத்தியை யாராவது தட்டிக்கொடுத்துப் பாராட்டினால் முதலில் அந்தக் கை யாருடையது என்று பாருங்கள். எனக்கு அதைச் சொல்ல அன்று யாரும் இல்லை.

இரண்டு நாள் எண்ணினேன். முறையாகத்தான் எண்ணினேன், அதில் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு வீரரையும் அதே எதிரியின் முன்னால், அதே இடத்தில், அதே தூரத்தில் நிறுத்தினேன். ஒவ்வொரு பட்டனையும் பத்துப் பத்து முறை அழுத்தினேன். எந்த அடி எட்டுகிறது, எது எட்டவில்லை, எத்தனை அடியில் எதிரி விழுகிறான் என்று கட்டம் போட்டுக் குறித்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை என்பதுதானே நமக்குச் சொல்லித் தரும் முதல் பாடம். நான் மாற்றியது வீரரை மட்டும்தான். ஏழு ஜோடிகளிலும் சிவப்புக்கு என்ன வந்ததோ அதுவேதான் அதன் ஜோடிக்கும் வந்தது, ஒரு கட்டம் பிசகவில்லை. இருபத்து நான்கில் ஏழு போனால் பதினேழு. தாளின் அடியில் 17 என்று எழுதி வட்டம் போட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு மனிதரின் வேலை போகப் போகிறது என்று தெரிந்தும் சந்தோஷப்பட்டேன். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாரையும் பெரிய மேசையைச் சுற்றி உட்கார வைத்தார் காலே சார். அந்தக் கம்பெனியிலிருந்தும் ஒரு அம்மா மும்பையிலிருந்து வந்திருந்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தும் முருகேசனுக்கு நெற்றி வேர்த்திருந்தது.

"முர்கேஷ், கிதி ஆஹேத்? எத்தனை பேர் இருக்காங்க, நேராச் சொல்லு" என்றார் காலே சார்.

"ஸ்க்ரீன்ல இருபத்தி நாலு சார்" என்றார் முருகேசன் ஹிந்தியில்.

ஸ்க்ரீனில் என்று ஏன் சொல்கிறார், வழுக்குகிறாரே என்று எனக்குப் பட்டது. காலே சார் என்னைப் பார்த்தார். நான் என் தாளை மேசை நடுவில் தள்ளினேன். தனி வீரர்கள் பதினேழு பேர், மற்ற ஏழு பேரும் நிறம் மாற்றிய நகல் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மும்பை அம்மா தலையை ஆட்டிக்கொண்டு குறித்துக்கொண்டார்.

முருகேசன் அந்தத் தாளை இழுத்துப் பார்த்தார். விரலை ஒவ்வொரு வரியாக வைத்துக்கொண்டு வந்தார். பிறகு வேறு யாரையும் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்துத் தமிழில் கேட்டார்: "அக்கா, நீங்க ரைட் சைடுல நின்னு ஆடிப் பாத்தீங்களா?"

அவர் கேட்ட கேள்வி என்னவென்று எனக்குப் புரிந்தது. ஆனால் அது எனக்குள் இறங்கவே இல்லை. எனக்குக் கேட்டதெல்லாம் 'அக்கா' என்ற வார்த்தையும், மேசையைச் சுற்றி இருந்த அத்தனை தலைகளும் எங்கள் பக்கம் திரும்பிய சத்தமும்தான். எல்லார் முன்னாலும் என்னை உறவு கொண்டாடி இழுக்கிறாரே, நான் ஏதோ அவருக்கு உதவி செய்யப்போகிறேன் என்று நினைப்பார்களே என்று உடம்பெல்லாம் எரிந்தது. "எல்லாருக்கும் புரிகிற மாதிரிப் பேசுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். முகத்தையும் திருப்பிக்கொண்டேன்.

முருகேசன் கேட்ட கேள்வியை ஹிந்தியில் திருப்பிக் கேட்கவில்லை. தாளை என் பக்கமே நகர்த்தி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அத்தோடு கூட்டம் முடிந்தது.

அடுத்த வாரம் அவர் மேசை காலியாக இருந்தது. வேலையை விட்டுவிட்டார் என்று சொன்னார்கள். விட வைத்தார்கள் என்பது பியூனுக்குக்கூடத் தெரியும். ஆட்டம் அடிதடி வரிசைக்குப் போயிற்று, இரண்டாம் பாகம் இல்லை என்று கடிதம் வந்தது. வடிவமைத்தவர் எங்களை ஏமாற்றிவிட்டார் என்று காலே சார் அவர்களுக்கு எழுதினார். புனேயில் அன்று இந்தத் தொழிலில் இருந்தவர்கள் ஒரு பஸ்ஸில் அடங்கிவிடுவார்கள். வேறொரு ஸ்டூடியோவில் இருந்த ஒரு பெண் ஒருநாள் பஸ்ஸில் என்னிடமே சொன்னாள்: "உங்க ஆபீஸ்ல வீரர்களை டபுளாக் காட்டி ஏமாத்தினாராமே ஒருத்தர், முர்கேஷ்னு. எங்ககிட்ட இன்டர்வியூவுக்கு வந்தார், சார் வாசலோடயே அனுப்பிட்டார்." எனக்கு அப்போதும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. செய்ததற்கு அனுபவிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஆட்டத்தை அடிதடி வரிசைக்கு மாற்றுவதற்காக, பழைய குறைகளின் பட்டியலை மேலிருந்து கீழே சரிபார்த்து மூட வேண்டியிருந்தது. அதில் நானே எழுதி, நானே மறந்துவிட்ட ஒரு குறை கண்ணில் பட்டது: பச்சை பெல்ட் வீரர் எதிரியைத் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் போனதும் தவறான கையால் அடிக்கிறார், அடி தேவைக்குமேல் எட்டுகிறது. அதன் கீழே முருகேசனின் பதில்: குறை இல்லை, அப்படித்தான். அதற்கும் கீழே மறுபடி நான்: எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள், திருத்தவும்.

வாசித்துவிட்டு முதலில் சிரிப்புத்தான் வந்தது. குறை எழுதினால் அது குறையே இல்லை என்பதுதானே நிரல் எழுதுகிறவர்களின் முதல் பதில், உங்களுக்கும் சீக்கிரமே பழகிவிடும். பிறகு 'தவறான கையால்' என்ற இரண்டு வார்த்தைகளையும் மறுபடி வாசித்தேன். போனை எடுத்தேன். பச்சை பெல்ட்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். எதிரியைத் தாண்டிக் குதித்து, வலது பக்கம் போய் நின்றுகொண்டு பட்டனை அழுத்தினேன்.

வேறு ஆள். அடி வேறு, வேகம் வேறு, தடுக்கும் விதம் வேறு. அந்த ஏழு பேரும் இடது கைக்காரர்கள் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. இடது பக்கம் நிற்கும்வரை தங்கள் ஜோடியைப் போலவே ஆடுவார்கள். எதிரியைத் தாண்டி வலது பக்கம் போனால்தான் அவர்களின் பலமான கை முன்னால் வரும், சண்டையே மாறிவிடும். அந்தச் சின்ன போனில் புதிதாக ஏழு பேருக்குப் படம் போட இடமில்லை. இருக்கிற படங்களையே வேறு வரிசையில் கோத்து, பக்கத்தை மாற்றினால் ஆளே மாறுகிற மாதிரி செய்திருந்தார் முருகேசன். ஆட்டம் எப்போதும் ஆடுகிறவரை இடது பக்கம்தான் நிறுத்தி ஆரம்பிக்கும். எதையும் மாற்றக் கூடாது என்ற என் விதிப்படி அந்த இரண்டு நாளும் நான் ஒரு தடவைகூட எதிரியைத் தாண்டிக் குதிக்கவில்லை. அதைத்தான் அந்த மனிதர் அத்தனை பேர் நடுவில் என்னிடம் கேட்டார்.

அன்று அந்த ஏழில் ஐந்து பேரை ஆடிப் பார்த்தேன். ஐந்து பேரும் வேறு வேறு ஆட்கள். அதற்குமேல் ஆடாமல் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

காலே சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. அப்போதுதான் அவர்மேல் எனக்கு முதல்முதலாகச் சந்தேகம் வந்தது. "ஆட்டம் வெளியே போயிடுச்சு மேடம். இப்ப இதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்?" என்றார். நான் அந்தக் கம்பெனிக்கு நேராகவே எழுதினேன்: என் எண்ணிக்கை தவறு, சோதித்த முறையில் குறை. கிடைத்தது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. எங்கள் ஆட்டம் இருக்க வேண்டிய இடத்தில் அவர்கள் ஏற்கெனவே வேறொருவரின் சண்டை ஆட்டத்தை வைத்திருந்தார்கள். நான் முதலிலேயே இருபத்து நான்கு என்று சொல்லியிருந்தாலும் வேறு ஏதாவது ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பார்கள் என்றுதான் இன்றும் சந்தேகப்படுகிறேன். ஆனால் அந்தக் காரணத்தில் முருகேசன் பெயர் ஒட்டியிருக்காது.

அவருக்கு நான் செய்யக்கூடியது ஒன்று மிச்சம் இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்தேன். அந்த எண்ணிக்கையை எடுத்தவள் நான், பதினேழு என்பது என் தவறு, ஆட்டத்தில் இருந்தது இருபத்து நான்கு தனித்தனி வீரர்கள், வடிவமைத்தவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை கேட்டுப் போகும் இடத்தில் அதைக் காட்டினால் வாசலோடு அனுப்ப மாட்டார்கள் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறி, கோர்படி ரயில்வே காலனியில் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன்.

கதவைத் திறந்தவர் முருகேசன். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "வாங்க மேடம்" என்று நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார். நான் ஊர்ப் பேச்சு எதுவும் பேசாமல், வந்த விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். தப்பு என்னோடது, மன்னிச்சுக்குங்க என்றும் சொன்னேன். பிறகு மனசில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"அன்னைக்கு ஏன் ஹிந்தியில திருப்பிக் கேக்கலே? கேட்டிருந்தா அங்கேயே தெரிஞ்சிருக்குமே."

"கேட்டிருக்கலாம்" என்றார். அவர் தமிழ் கொஞ்சம் தடுமாறித்தான் வரும், ஆனால் அன்று யோசித்து யோசித்து முழுவதையும் தமிழிலேயே சொன்னார். "எல்லாரும் ஏற்கெனவே ஒரு முடிவு பண்ணிட்டு வந்திருந்தாங்க மேடம். அங்கே ஒருத்தர்தான் நான் சொன்னா ஆடிப் பாப்பாங்கன்னு தோணிச்சு. அவங்களே பேசாதேன்னுட்டாங்க. அப்புறம் வேற யார்கிட்டே கேக்கறது?"

பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் மும்பையில் ஒரு இன்டர்வியூ இருப்பதாகச் சொன்னார். இதற்கு முன்னால் போன இரண்டு இடத்திலும் முதல் கேள்வியே பதினேழைப் பற்றித்தானாம். கடிதத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், ஒருமுறை வேகமாகவும் ஒருமுறை நிதானமாகவும் படித்தார். பிறகு அலமாரி மேலிருந்து ஒரு பேனாவை எடுத்து, 24 என்று இருந்த இடத்தை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே 23 என்று எழுதினார்.

எனக்குப் புரியவில்லை.

"அந்தக் கடைசி ஜோடி, மஞ்ச பெல்ட்காரன். அவனை முடிக்க முடியலே மேடம். ரைட் சைடு போனாலும் அதேதான் ஆடுவான். பத்து நாள் குடுங்கன்னு காலே சார்கிட்டே ரெண்டு தடவை போய்க் கேட்டேன், தரலே. ஒரு ஆள் குறையும்னு அவருக்கு அப்பவே தெரியும்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அவனை நீங்க ஆடிப் பாக்கலையா?"

"இல்லே. அஞ்சு பேரைத்தான் பாத்தேன்."

முதல் தடவை அவர்மேல் இருந்த சந்தேகத்தில் தப்பாக எண்ணியவள், இரண்டாம் தடவை வருத்தத்தில் எண்ணாமலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த நிமிஷத்தில் என் புத்தி அங்கே போகவில்லை. ஒப்பந்தத்தில் இருபத்து நான்கு என்று இருந்தது, இவர் இருபத்து மூன்று என்று எழுதிக்கொண்டு போய் நின்றால் அந்த இன்டர்வியூக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதில்தான் இருந்தது.

"இருபத்தி மூணுன்னா கம்பெனிக்காரங்க சொன்னதே சரின்னு ஆயிடும் முருகேசன். ஒண்ணு குறைஞ்சாலும் குறைஞ்சதுதான்னு பேசுவாங்க. இருபத்தி நாலாவே இருக்கட்டும், வேற தாள்ல அடிச்சுக் கொண்டுவரேன்" என்றேன். பிறகு, என் வாழ்நாளில் நான் சொல்வேன் என்று யாரும் நினைத்திருக்காத ஒன்றைச் சொன்னேன். "யாரு எண்ணிப் பாக்கப் போறாங்க?"

முருகேசன் கடிதத்தை என் முன்னால் ஸ்டூலில் வைத்து, திருத்தின இடத்தை விரலால் காட்டி, பேனாவை நீட்டினார்.

"நான் எண்ணுவேன் மேடம். பக்கத்துல ஒரு கையெழுத்து போடுங்க."

போட்டேன்.